கறுப்பு வண்டியைத் துடைத்தே கெடுத்த கதை

ஷெட்டின் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சை முன் மூடியின் மேல் சாய்வாகப் பிடிக்கச் சொன்னேன். மச்சான் பிடித்தார். அதன்பின் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. வெயிலில் கன்னங்கரேலென்று மினுங்கிய வண்டி முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல்கள். டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்ந்தது. உண்மையில் கீறல் வட்டமாக விழுவதில்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும். ஒளி படும் திசைக்குக் குறுக்காக உள்ளவை மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது.

"யாரோ வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கிறதே மாப்பிள்ளை" என்றார்.

வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார்கள். தினமும் காலை ஆறரை மணிக்கு, மிகுந்த அன்போடு.

வண்டி 2008ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் கார். 987 என்ற தலைமுறை, 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், மடக்கும் துணிக்கூரை. நிறத்துக்கு நிறுவனம் வைத்த பெயர் பசால்ட் பிளாக். மச்சான் இரண்டாம் கையாக வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அடிச்சட்ட எண்ணில் பதினோராவது எழுத்து 'யு' என்று இருக்கிறது. அப்படியென்றால் அது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் செய்ததல்ல. பின்லாந்தின் ஊசிகௌபுங்கி நகரில் வால்மெட் தொழிற்சாலையில் செய்தது. போர்ஷே அந்தக் காலத்தில் பாக்ஸ்டரில் பெரும்பகுதியை அங்கேதான் செய்து வாங்கியது. பனியில் பிறந்தது, இப்போது கோவை வடவள்ளியில் வேப்பமரத்தடியில் நிற்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எஞ்சினைக் காட்டுங்கள்." காட்ட முடியாது. முன்னால் திறந்தால் டிக்கி, பின்னால் திறந்தாலும் டிக்கி. எஞ்சின் இரண்டுக்கும் நடுவே, இருக்கைகளுக்குப் பின்னால் படுத்திருக்கிறது. எண்ணெயும் குளிர்விப்பு நீரும் ஊற்றும் வாய் மட்டும் பின் டிக்கிக்குள் தெரியும். அதைப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப் போனவர்கள் பலர்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்தான் தினமும் துடைப்பவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மச்சான் வீட்டில் அந்த வண்டியை அவ்வளவு மதித்தவர் வேறு யாருமில்லை. ஆனால் அவர் கையில் இருந்தது பனியன் வேஸ்ட். திருப்பூரிலிருந்து மூட்டையாக வந்து இந்தப் பக்கத்துப் பட்டறை எல்லாவற்றிலும் கிடக்குமே, அதே துணி. என் லேத் பட்டறையிலும் அதுதான். கிரீஸ் துடைக்க அதைப்போல வேறொன்றில்லை. ஆனால் அதில் தையல் மடிப்பு இருக்கும், நைலான் லேபிள் இருக்கும். ஒரு முறை தரையில் விழுந்தால் மணலையும் பிடித்துக்கொள்ளும். காய்ந்த தூசியின் மேல் அதை அழுத்தி இழுத்தால் உப்புக்காகிதம் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். இரண்டு ஆண்டுகளில் எழுநூறு தடவைக்கு மேல் துடைத்திருப்பார்.

"தினமும் துடைக்காவிட்டால் தூசி படியாதுங்களா தம்பி?" என்று கேட்டார்.

"படியட்டும் ஐயா. படிந்த தூசி கீறாது. அதைத் தேய்க்கும்போதுதான் கீறும்."

அவருக்கு இதில் நம்பிக்கை வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வேலை தொடங்குமுன் தண்ணீரைச் சோதித்தேன். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும், 400 ரூபாய்க்கு வாங்கிய டி.டி.எஸ். மீட்டர், பேனா அளவுதான். கோவையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு: குழாயில் வரும் சிறுவாணி நல்ல தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். மீட்டரும் அதையே சொன்னது. சிறுவாணி 40 பக்கம் காட்டியது. போர் தண்ணீர் 1,200ஐத் தாண்டியது. இதுவரை வண்டியைக் கழுவியது போர் தண்ணீரில்தான். நல்ல தண்ணீர் முறை வைத்து வருவதால் அதை வண்டிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வரவில்லை. நியாயம்தான். ஆனால் உப்புத் தண்ணீர் வெயிலில் ஆவியாகும்போது கால்சியமும் மக்னீசியமும் பெயிண்டின் மேலேயே தங்கிவிடும். கண்ணாடியிலும் கதவிலும் காசு காசாக வெள்ளை வட்டங்கள் இருந்தன.

ஒரு சமரசத்துக்கு வந்தோம். சேற்றை அடித்துக் கழுவ உப்புத் தண்ணீர், சோப்பு கலக்கவும் கடைசியாக அலசவும் சிறுவாணி. இரண்டு பக்கெட்டும் ஒரு தெளிப்பானும் போதும், முப்பது லிட்டருக்குள் முடிந்துவிடும். தெருக்குழாயில் வரும் நாளில் அதைப் பிடித்து வைக்கும் பொறுப்பு அக்காவுடையது. எத்தனை குடம் என்று இன்றுவரை கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முதல் சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தொடங்கினோம். வெயில் ஏறிய பின் கறுப்பு வண்டியைத் தொடவே கூடாது; சோப்பு காய்ந்து தனிக் கறையாகிவிடும். முதலில் சக்கரங்கள், அவற்றுக்குத் தனி பக்கெட், தனி பிரஷ். சக்கரத்தில் பட்ட துணி மறுபடி பாடிக்கு வரக்கூடாது. பிறகு நுரையைத் தெளித்து ஐந்து நிமிடம் விட்டு, அழுத்தத் தண்ணீரில் கீழே இறக்கினேன். இதுவரை கை வண்டியில் படவில்லை. அழுக்கில் பெரும்பங்கு கை படாமலேயே போய்விடுவதைப் பெரியவர் அருகில் நின்று பார்த்தார்.

அதற்குப் பின்தான் கையுறை. ஒரு பக்கெட்டில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர், இரண்டின் அடியிலும் மணல் மேலே வராமல் தடுக்கும் சல்லடைத் தட்டு. கூரைப் பக்கம் தொடங்கிக் கீழே வரவேண்டும், நேர்கோட்டில் இழுக்கவேண்டும், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் கையுறையை அலசவேண்டும். பாத்திரம் விளக்கும் சோப்பு வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அந்தச் சோப்பு பெயிண்டின் மேல் உள்ள மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். உலர்த்தப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று, தேய்க்காமல் மேலே விரித்து ஒற்றி எடுக்க. அந்தத் துண்டை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைத்து, வாசனைக்காக சாஃப்ட்னரும் ஊற்றிவிட்டாள் அக்கா. துண்டு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டது. வேறு வாங்கினேன்.

கழுவி முடித்ததும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். மச்சான் இதை விளையாட்டு என்று நினைத்தார். பிரேக் டிஸ்க் வெறும் வார்ப்பிரும்பு. ஈரத்தோடு நிறுத்தினால் மறுநாளே துரு பூக்கும். நாலைந்து முறை மிதமாகப் பிரேக் பிடித்தால் சூட்டில் காய்ந்துவிடும்.

அடுத்தது இரும்புத்தூள். பிரேக் பிடிக்கும்போது பறக்கும் துகள் சூடாகப் போய் பெயிண்டில் பதிந்துவிடும், சோப்புக்கு அசையாது. இதற்கென்று தியோகிளைகோலேட் கலந்த திரவம் விற்கிறது. தெளித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். அழுகிய முட்டை நாற்றம். அத்தை ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கறுப்பு பாடியில் ஊதா சரியாகத் தெரியவில்லை. வெள்ளிநிறச் சக்கரங்களில்தான் நாவல்பழச் சாறு கொட்டியதுபோல் ஓடியது. இந்த வண்டிக்குச் சாதாரண டிஸ்க்தான், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் கறுப்பு. மஞ்சள் காலிப்பர் என்றால் செராமிக் டிஸ்க் உள்ள வண்டி. அதில் எந்தத் திரவத்தை ஊற்றுவதற்கு முன்னும் இரண்டு முறை யோசிக்கவேண்டும், விலை அப்படி.

மிச்சத்தைக் களிமண் கட்டி எடுத்தது. பெயர்தான் களிமண், பிசைந்த மைதாமாவு போல இருக்கும். வழுவழுப்பான திரவம் தெளித்து அதன்மேல் மெதுவாக இழுக்கவேண்டும். எங்கே தேவை என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுப் பெயிண்டைத் தடவினால், வெறுங்கையில் தெரியாத சொரசொரப்பெல்லாம் ரவை கொட்டியதுபோல் தெரியும். வேப்பமரத்தடியில் நின்ற பின்பக்கம் முழுக்க ரவைதான். கட்டி ஒரு முறை தரையில் விழுந்தது. எடுத்துக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று மச்சான் கேட்டார். குப்பையில் போட்டேன்.

மயிலைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். மருதமலைப் பக்கத்தில் மயிலுக்குப் பஞ்சமில்லை. ஆண்மயில் கறுப்புக் கதவில் தன் நிழலைப் பார்த்து எதிரி என்று நினைத்துக் கொத்தும். வலது கதவில் ஏழு கொத்து எண்ணினேன். அவை பாலிஷில் போகாது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எச்சம்தான் பெரிய தொல்லை. வெயிலில் சில மணி நேரம் இருந்தாலே மேல்பூச்சில் தழும்பு விழும். காய்ந்ததைச் சுரண்டாமல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து எடுக்கவேண்டும். பெரியவருக்கு ஒரு தெளிப்பானும் நான்கு மைக்ரோஃபைபர் துணியும் கொடுத்து, "இனி உங்கள் வேலை இது ஒன்றுதான் ஐயா" என்றேன். பனியன் வேஸ்ட்டை என் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமைதான் அந்த மூன்று கோடுகளைப் பார்த்தேன். அழுக்கு, மெழுகு எல்லாம் நீங்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து முடித்த முன் மூடியில், நடுவே, கிடைமட்டமாக மூன்று பட்டைக் கீறல். ஒவ்வொன்றும் விரல் அகலம், இடைவெளி சீராக இருந்தது. மயில் இல்லை, பனியன் வேஸ்ட் இல்லை. என் மூன்று விரல்களை வைத்துப் பார்த்தேன். என் விரல்கள் சற்று அகலமாக இருந்தன. இது மெலிந்த கை வைத்தது.

திருநீறு!

ஆயுத பூஜைக்கும், வெளியூர் கிளம்பும் ஒவ்வொரு முறையும், அத்தை முன் மூடியில் பட்டை போட்டு நடுவில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். மறுநாள் பெரியவர் அதைக் காய்ந்த துணியால் துடைப்பார். சாணச் சாம்பலில் சிலிக்கா உண்டு. அதை வைத்துத்தானே நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்தார்கள்? பித்தளையில் செய்த வேலையை அது பெயிண்டிலும் செய்திருக்கிறது. குங்குமம் வைத்த இடத்தில் ஒரு காசளவு மங்கிய வட்டமும் இருந்தது.

இதை அத்தையிடம் சொல்லவேண்டாம் என்று மச்சான் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பாலிஷ் போடுமுன் பெயிண்டின் தடிமனை அளக்கவேண்டும். நான் லேத் வேலைக்காரன், அளக்காமல் எதையும் சீவமாட்டேன். இரும்பு, அலுமினியம் இரண்டின் மேலும் அளக்கும் மீட்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். பிளாஸ்டிக் பம்பரில் அது வேலை செய்யாது. பெரும்பாலான இடத்தில் 110 முதல் 125 மைக்ரான். மொத்தமே இவ்வளவுதான், அதில் நிறமற்ற மேல்பூச்சு நாற்பது, ஐம்பது மைக்ரான் இருந்தால் அதிகம். ஒரு தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், முடியளவுகூட இல்லாத பூச்சுதான் வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கிறது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தைச் சீவி எடுப்பதே. இடது பின்பக்கத்தில் மீட்டர் 260 காட்டியது. அந்தப் பகுதி மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. விற்றவர் "ஒரு கீறல்கூட விழாத வண்டி" என்று சொல்லித்தான் விற்றார். மச்சான் அன்று மதியம் சாப்பாட்டில் கைவைக்கவில்லை.

நகரில் பலர் பயன்படுத்துவது ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் இயந்திரம். கை தேர்ந்தவரிடம் அது நல்ல கருவி. அவசரக்காரரிடம் கிடைத்தால் பெயிண்டைச் சுட்டுவிடும், இல்லையென்றால் வெயிலில் மட்டும் தெரியும் அலை அலையான நிழலை விட்டுப்போகும். நான் எடுத்தது சுழன்றுகொண்டே அலையும் வகை. அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும் என்பதால் சூடேற்றுவது கடினம். கதவில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தை டேப் ஒட்டிப் பிரித்து, முதலில் இருப்பதிலேயே மென்மையான பஞ்சும் பாலிஷும். பாதிக் கீறல்தான் போனது. ஒரு படி கடினமான பஞ்சு, நாலு சுற்று, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மறைத்து. துடைத்ததும் டேப்புக்கு இந்தப் பக்கம் கிணற்று நீர்போல் ஆழமான கறுப்பு, அந்தப் பக்கம் சாம்பல் பூத்த கறுப்பு. பெரியவர் குனிந்து பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, மற்றக் கதவை எப்போது செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார்.

ஒரு தவறு செய்தேன். ஓரங்களுக்கு டேப் ஒட்டிய நான், கதவுக் கண்ணாடியின் கீழ் உள்ள கறுப்பு ரப்பருக்கு ஒட்ட மறந்தேன். பாலிஷ் தெறித்து வெள்ளையாகக் காய்ந்து ரப்பரின் நுண்துளைகளில் ஏறிவிட்டது. பழைய பல்துலக்கியோடு அன்று மாலை முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இன்னும் உற்றுப் பார்த்தால் ஒரு மூலையில் தெரியும்.

மூன்று பட்டைக்கு மட்டும் கை நடுங்கியது. இரண்டு முறை ஓட்டிய பின் கீறலின் விளிம்பு மழுங்கியது, அடி போகவில்லை. மீட்டர் 118இலிருந்து 114க்கு இறங்கியிருந்தது. இன்னும் நாலு மைக்ரான் எடுத்தால் முழுவதும் போகலாம், போகாமலும் இருக்கலாம். நிறுத்திவிட்டேன். டார்ச் அடித்தால் மட்டும் தெரியும், பகலில் தெரியாது. கடையில் கொடுத்திருந்தால் போக்கிக் கொடுத்திருப்பார்கள். எவ்வளவு எடுத்தார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்காது.

மேலே பாதுகாப்புக்கு என்ன பூசுவது என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. செராமிக் பூச்சு போட்டால் கீறலே விழாது, 9ஹெச் கடினம் என்று மச்சானின் நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். அந்த 9ஹெச் வைரத்தை அளக்கும் கணக்கு அல்ல. பென்சில் முனையின் கடினத்தைக் குறிக்கும் எண். பென்சில் கீறாது என்பதால் மணல் கீறாது என்று ஆகாது. செராமிக் நல்லதுதான், தண்ணீர் ஒட்டாது, எச்சம் எளிதில் போகும். ஆனால் எங்களுக்குத் துடைக்கும் பழக்கம் மாறியதா என்று முதலில் தெரியவேண்டும். ஆறு மாதம் தாங்கும் சாதாரண சீலன்ட் பூசினேன்.

மூன்றாவது வாரம் அழகு வேலை இல்லை, அதனால் யாரும் பார்க்க வரவில்லை. எனக்கோ அதுதான் முக்கியமான நாள். துணிக்கூரையைப் பாதி திறந்து நிறுத்தினால் பின்மூலைகளில் இரண்டு பக்கமும் மழைநீர் வடியும் துளை தெரியும். கால் லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். வலதுபக்கம் பின்சக்கரத்தருகே வடிந்தது. இடதுபக்கம் அப்படியே தேங்கி நின்றது. உள்ளே வேப்பம்பூ, சருகு, தூசி எல்லாம் சேர்ந்து நல்ல உரம். முந்தைய 986 தலைமுறையில் இதுபோல் அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்கி, இருக்கைக்கு அடியில் உள்ள மின்னணுப் பெட்டி நனைந்து வண்டியே கிளம்பாமல் போன கதைகள் நிறைய உண்டு. காற்றடித்து ஊதக்கூடாது, உள்ளே குழாய் கழன்றுவிடலாம். புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழையை விட்டு மெதுவாக ஆட்டி ஆட்டிப் பதினைந்து நிமிடத்தில் திறந்தேன். கம்பளத்தின் அடியில் கைவைத்தேன். காய்ந்திருந்தது. ஒரு மழைக்காலம் தாமதித்திருந்தால் காய்ந்திருக்காது.

முன் பம்பரின் இரண்டு காற்றுவாய்களுக்குள் ரேடியேட்டரும் அதன் முன்னால் ஏ.சி. கண்டன்சரும் இருக்கின்றன. சருகு சேர்ந்து, ஈரம் பிடித்து, அலுமினியத்தை அரிக்கும் இடம் அது. வாக்குவம் குழாயை விட்டு எடுத்தேன்: வேப்பிலை, ஒரு பால் பாக்கெட், மயிலிறகுத் துண்டு. கூடவே நூலில் கோத்த பச்சைமிளகாயும் கல்லாகிப்போன எலுமிச்சையும், இரண்டு ஜோடி. திருஷ்டிக்கு பம்பரில் கட்டியவை அறுந்து உள்ளே போயிருக்கின்றன. எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் கண்டன்சரின் இதழ்கள் வெளுத்திருந்தன.

டயரைப் பார்த்தேன். பூவெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் 2314, அதாவது 2014ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாவது வாரம். பத்து ஆண்டு தாண்டிய ரப்பர், ஓரத்தில் நுண்வெடிப்பு. பெயிண்டுக்கு மூன்று வாரம் உழைத்துவிட்டு இந்த டயரில் அவிநாசி சாலையில் வேகம் எடுப்பது மடத்தனம் என்றேன். மச்சான் நான்கையும் மாற்றினார். வாட்டர் சர்வீஸில் அடிப்பகுதிக்கு டீசல் அடிப்பதையும் நிறுத்தச் சொன்னேன். துருவைத் தடுக்கிறதோ இல்லையோ, ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும்.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு, படம் ஒட்டும் கடையில் மீதமான பெயிண்ட் பாதுகாப்புப் படத்தில் ஒரு துண்டு வாங்கினேன். 200 மைக்ரான் பாலியூரித்தேன், சிறு கீறல் விழுந்தாலும் வெயில் சூட்டில் தானே மூடிக்கொள்ளும் வகை. ஆறு அங்குலச் சதுரமாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, முன் மூடியில் அந்த மூன்று பட்டையின் மேலேயே ஒட்டினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் மட்டும் தெரிந்தது.

பூஜையன்று அத்தை தட்டோடு வந்தார்.

"இது என்னடா கண்ணாடிக் காகிதம்?"

"அங்கேதான் அத்தை வைக்கவேண்டும். வண்டிக்கு நெற்றி அதுதான்."

என்னை ஒரு முறை பார்த்தார். மச்சானை ஒரு முறை பார்த்தார். பிறகு சதுரத்துக்குள் சரியாக மூன்று பட்டை போட்டு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒரு நூல்கூட வெளியே போகவில்லை. பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் மூச்சு விட்டேன்.

அத்தை விரலில் மிச்சமிருந்த திருநீற்றைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், வலது கதவில் மயில் கொத்திய இடத்தில் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு உள்ளே போனார். பெரியவர் என்னை முந்திக்கொண்டு தெளிப்பானை எடுத்து வந்தார்.